வரையறையை யார் சரிபார்ப்பது?

2004இல் வெளிவந்த ஜாவாவின் ஐந்தாம் பதிப்பில் ஜெனரிக்ஸ் என்ற வசதி சேர்ந்தது. இந்தப் பட்டியலில் சொற்கள் மட்டுமே இருக்கும் என்று நிரலாளர் எழுதிவிட்டால் போதும். எண் எதுவும் அதற்குள் நுழையாமல் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். இந்தக் காவலை எவ்வளவு நம்பலாம் என்று அறிய, ஜாவாவின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிறு கணித மாதிரிகளை ஆய்வாளர்கள் அமைத்தார்கள். அவற்றைப் பற்றித் தேற்றங்களையும் நிறுவினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், நாடா அமின், ராஸ் டேட் ஆகிய இருவர் ஒரு சின்னஞ்சிறு நிரலை வெளியிட்டார்கள். ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றச் சொல்லும் கட்டளை எதுவும் அதில் இல்லை. இருந்தும் ஓர் எண்ணைச் சொல் என்று நடத்த அது வழிசெய்தது. கம்பைலரும் முணுமுணுப்பின்றி அனுமதித்தது. ஓட்டை இருந்த இடம் ‘நல்’ என்ற வெற்று மதிப்பு. கணித மாதிரிகளை அமைத்தவர்கள் எளிமை கருதி அதை விட்டுவிட்டிருந்தார்கள். அவர்கள் நிறுவிய தேற்றங்கள் எதுவும் பொய்யாகவில்லை. அந்தத் தேற்றங்கள் பேசிய மொழிக்கும் உலகம் பயன்படுத்திய ஜாவாவுக்கும் இடையில் ஒரு மதிப்பு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

நிரல்மொழிகளின் கணித அடிப்படை என்ற துறையின் தனித்தன்மை முழுவதும் இந்த நிகழ்வில் அடங்கியிருக்கிறது. எண் கோட்பாட்டில் பகா எண் எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதைப் பற்றிச் சொல்லப்படும் தேற்றம் மெய்யா என்பதே கேள்வி. இங்கே ஆராய்ச்சிப் பொருளே மனிதர் செய்தது. அதுவும் குழுக்கள் கூடி, சமரசங்கள் செய்து, ஆண்டுக்கு ஆண்டு திருத்திக்கொண்டே இருப்பது. ஒரு நிரலுக்கு என்ன பொருள் என்று சொல்லும் வரையறை முதலில் வேண்டும்; அது பிசகினால் மேலே கட்டப்படும் நிறுவல் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் வேறொரு மொழியைப் பற்றியதாகிவிடும். நிறுவலைப் படிப்படியாகச் சரிபார்க்க இன்று மென்பொருள்கள் இருக்கின்றன. வரையறை சரிதானா என்று சொல்லும் மென்பொருள் இல்லை. அதைச் செய்ய அறுபது ஆண்டுகளாக இத்துறை வைத்திருக்கும் கருவி ஆய்வரங்குதான்: ஒருவர் கரும்பலகையில் வரையறையை எழுத, எதிரே அமர்ந்திருப்பவர்கள் அதை உடைக்கப் பார்ப்பது. நிறுவல்களைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் வளர வளர ஆய்வரங்கின் தேவை குறையும் என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. வரலாற்றைப் பார்த்தால் அந்தத் தேவை கூடியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரலாறு ஒரு கோட்டைவிட்ட வாய்ப்பிலிருந்து தொடங்குகிறது. 1964 செப்டம்பரில் வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் நகரில் பன்னாட்டுத் தகவல் செயலாக்கக் கூட்டமைப்பு ஒரு மாநாட்டைக் கூட்டியது. அல்கால் 60 மொழியின் இலக்கணம் அப்போதே துல்லியமான விதிகளில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த மொழியில் எழுதிய வாக்கியத்தின் பொருள் ஆங்கில உரைநடையில்தான் விளக்கப்பட்டிருந்தது. பொருளையும் விதிகளால் எழுத முடியுமா என்பதே மாநாட்டின் கேள்வி. ஜான் மெக்கார்த்தி, பீட்டர் லேண்டின், கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, கொராடோ போம் என்று இத்துறையை நிறுவியவர்களில் பெரும்பாலோர் அங்கே இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் நெதர்லாந்தின் ஆட்ரியன் வான் வைங்கார்டன் ஓர் உத்தியை விளக்கினார். ‘இங்கிருந்து அங்கே தாவு’ என்ற கட்டளைகளையெல்லாம் ஒழித்துவிடலாம். அடுத்துச் செய்ய வேண்டியதை ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் உள்ளீடாகக் கொடுத்துவிட்டால் எந்தச் செயல்முறையும் திரும்பிவரத் தேவையில்லை. பின்னாளில் ‘கண்டினியுவேஷன்’ என்று பெயர் பெற்று, பொருண்மையியலிலும் கம்பைலர் வடிவமைப்பிலும் தவிர்க்க முடியாததாகிவிட்ட கருத்து இதுதான். உரைக்குப் பின் நடந்த விவாதம் மாநாட்டுத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. கருத்தின் வலிமையை அதில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் குறைந்தது ஆறு பேர் அதைத் தனித்தனியே மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜான் ரேனால்ட்ஸ் 1993இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை இந்தக் கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடம் பிடிக்கிறது. அறிஞர்களை ஒரே கூரையின்கீழ்க் கூட்டிவிட்டால் அறிவு தானாகப் பரவும் என்று நம்புகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

1969இன் இலையுதிர்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டில் நடந்தது வேறு மாதிரி. ஸ்ட்ரேச்சி அங்கே நிரலாக்க ஆய்வுக் குழுவை நடத்திவந்தார். நிரலின் பொருளை லாம்டா கால்குலஸில் எழுதிக்காட்டலாம் என்பது அவரும் லேண்டினும் வகுத்துக்கொண்ட வழி. 1930களில் அலொன்சோ சர்ச் உருவாக்கிய அந்தக் குறியீட்டு முறையில் எல்லாமே சார்புகள். ஒரு சார்பு தன்னையே உள்ளீடாகப் பெறவும் தடையில்லை. வியன்னாவில் அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்ட்ரேச்சியைச் சந்தித்திருந்த தர்க்கவியலாளர் டானா ஸ்காட் ஆக்ஸ்ஃபர்டுக்கு வந்தார். வந்தவர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். குறியீடுகளை விதிப்படி மாற்றி எழுதிக்கொண்டே போகலாம், சரி. அவை எதைக் குறிக்கின்றன? ஒரு கணத்தின் உறுப்புகளே அந்தக் கணத்தின் மீதான எல்லாச் சார்புகளுமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை கேட்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் உள்ள எந்தக் கணத்திலும் அது நடக்காது; சார்புகள் உறுப்புகளைவிட எப்போதும் அதிகம் என்று கேண்டரின் தேற்றம் சொல்கிறது. ஆகவே டைப் இல்லாத லாம்டா கால்குலஸைக் கைவிட்டு, டைப்புகள் உள்ள ஒரு தர்க்கத்துக்கு மாறுங்கள் என்று ஸ்காட் அக்டோபரில் ஒரு தாள் எழுதினார். நவம்பரில் அவரே அந்த முடிவைக் கவிழ்த்தார். எல்லாச் சார்புகளும் தேவையில்லை. தொடர்ச்சியான சார்புகள் போதும். வெளியீட்டின் எந்த முடிவுறு பகுதியைப் பெறவும் உள்ளீட்டின் முடிவுறு பகுதியே போதுமாக இருக்கிற சார்புகள் அவை. கணினியால் கணிக்க முடிகிற சார்புகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். இப்படிக் குறுக்கியதும் கேண்டரின் தடை விலகி, இல்லை என்று அவர் சொன்ன மாதிரி கிடைத்துவிட்டது.

அக்டோபர் தாளின் கதை அதோடு முடியவில்லை. தட்டச்சுப் பிரதியாகவே கைமாறிக்கொண்டிருந்த அது 1993இல்தான் இதழில் வெளிவந்தது. ஆனால் அதிலிருந்த தர்க்கத்தை எடுத்து ராபின் மில்னர் 1972இல் ஸ்டான்ஃபோர்டில் எல்சிஎஃப் என்ற நிறுவல் மென்பொருளைச் செய்தார். எடின்பரோவில் அதன் அடுத்த வடிவத்துக்குத் துணைக்கருவியாகப் பிறந்ததுதான் எம்எல் மொழி. ஓகேமல், எஃப்-ஷார்ப் ஆகியவை அதன் நேரடி வாரிசுகள். எழுதியவரே ஒரு மாதத்தில் மறுத்துவிட்ட ஒரு வாதத்திலிருந்து இவ்வளவு விளைந்தது. வெளியீடுகளின் எண்ணிக்கையை வைத்துப் பேராசிரியர்களை எடைபோடும் இன்றைய முறையில் அந்தத் தாளுக்குச் சுழிதான் கிடைத்திருக்கும். பாடனுக்கும் ஆக்ஸ்ஃபர்டுக்கும் உள்ள வேறுபாடு ஆட்களின் தரத்தில் இல்லை. ஸ்ட்ரேச்சி இரண்டிலும் இருந்தார். பாடனில் சில நாள்களில் கட்டுரைமேல் கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபர்டில் விட்டுக்கொடுக்காத ஓர் ஆட்சேபக்காரரும், அவருக்கு வாரக்கணக்கில் காதுகொடுக்கும் ஒரு குழுவும் இருந்தார்கள்.

இதே குணம் கொண்ட அரங்குகள் வேறு இடங்களிலும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் லண்டன் பர்க்பெக் கல்லூரியில், கல்லூரிக்கே தெரியாமல், மெர்வின் பிராக்னெல் என்பவர் ஒரு தர்க்க வாசிப்புக் குழுவை நடத்தினார். லேண்டினும், பின்னாளில் எடின்பரோவில் பெயர்பெற்ற ராட் பர்ஸ்டாலும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். பர்ஸ்டாலுக்கு லாம்டா கால்குலஸைக் கற்றுக்கொடுத்தது லேண்டின். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் கார்டன் பிளாட்கின் நிகழ்த்திய விரிவுரைகளின் குறிப்புகள் துறை அறிக்கையாக மட்டும் அச்சாகி, 2004 வரை எந்த இதழிலும் வராமலே உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டன. ஸ்காட்டின் கணிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு நிரல் ஒவ்வொரு படியிலும் எப்படி நகர்கிறது என்பதைத் தர்க்க விதிகளின் வடிவில் எழுதும் முறை அந்தக் குறிப்புகளிலிருந்து பரவியது. இன்று ஒரு புதிய மொழிக்குப் பொருள் வரையறுக்க அமர்பவர் பெரும்பாலும் முதலில் எடுப்பது அதைத்தான்.

உடைத்துப் பார்ப்பது என்றேன். அதற்குத் துலக்கமான எடுத்துக்காட்டு ‘கன்கரன்ட் செபரேஷன் லாஜிக்’. ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு பல இழைகள் ஓடும்போது, எந்த இழைக்கு எந்தப் பகுதி சொந்தம் என்று பிரித்து வைத்து நிரலைப் பற்றி நியாயம் பேச உதவும் தர்க்கம் அது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பீட்டர் ஓஹெர்ன் அதன் விதிகளை முன்வைத்தார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விதியும் இயல்பாகத் தெரியும். அவற்றோடு டோனி ஹோரின் பழைய இணைப்பு விதியையும் சேர்த்தால் முரண்பாடு கிளம்புகிறது என்று ரேனால்ட்ஸ் ஓர் எதிர்க்காட்டைக் காட்டினார். பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தைப் பற்றிய கூற்று, எந்தப் பகுதியைப் பற்றியது என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதன் பிறகே வந்தது. ஸ்டீபன் புரூக்ஸ் ஒரு புதிய பொருண்மை மாதிரியை அமைத்து, திருத்திய விதிகள் சரி என்று நிறுவினார். ஓஹெர்ன், புரூக்ஸ் இருவரின் கட்டுரைகளும் 2004இல் ஒரே மாநாட்டில் வெளியாயின. 2016இல் இருவருக்கும் கோடல் பரிசு கிடைத்தது. டைப் கோட்பாட்டிலும் இதேபோல் நடந்திருக்கிறது. எல்லா டைப்புகளையும் தன்னுள் அடக்கிய ஒரு டைப் உண்டு என்று பெர் மார்ட்டின்-லோஃப் 1971இல் எழுதிய முதல் வடிவம், ஜான்-யீவ் ஜிரார் கண்ட முரண்பாட்டால் சரிந்தது. இரண்டு இடங்களிலும் பழுது இருந்தது விதிகளிலேயே. விதிகளைப் பின்பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் அது வெளிப்பட்டிருக்காது. யாரோ ஒருவர் அவற்றைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிரான வலுவான குரல் 1979இல் எழுந்தது. ரிச்சர்ட் டிமில்லோ, ரிச்சர்ட் லிப்டன், ஆலன் பெர்லிஸ் மூவரும் எழுதிய கட்டுரை, நிரல்களைக் கணித முறையில் நிறுவும் முயற்சி தோற்றே தீரும் என்று வாதிட்டது. கணிதத் தேற்றத்தை உலகம் நம்புவதற்குக் காரணம், ஆட்கள் அதைக் கூடிப் பேசுவதும், சொல்லிப்பார்ப்பதும், வேறிடத்தில் பயன்படுத்துவதும்; நிரல் நிறுவலோ நீளமானது, சுவையற்றது, அதை யாரும் யாருக்கும் சொல்லிக்காட்டப் போவதில்லை என்றார்கள். முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது பாதியில் அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நிரலின் நிறுவலை மனிதர் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இயந்திரம் படித்துக்கொள்ளும். மனிதர் படித்தே ஆக வேண்டியது அந்த நிறுவல் நிற்கும் வரையறையை. அது குறுகியது, பல நிரல்களுக்குப் பொதுவானது, கூடிப் பேசத்தக்க அளவுக்குச் சுவையானதும்கூட. மூவரும் இல்லை என்று சொன்ன அந்தச் சமூகச் செயல்பாடு வேறிடத்துக்கு நகர்ந்தது என்பதே சரி.

அது எங்கே நகர்ந்தது என்பதை ஒரு சோதனை காட்டியது. சேவியர் லெராயின் குழு பிரான்சில் உருவாக்கிய காம்ப்செர்ட் என்ற சி கம்பைலரின் பெரும்பகுதி கணினியால் சரிபார்க்கப்பட்ட நிறுவலோடு வருகிறது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தற்போக்காகச் சி நிரல்களை உற்பத்தி செய்து கம்பைலர்களை வதைக்கும் கருவி ஒன்றை எழுதி, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல்வேறு கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட புதிய பிழைகள் அகப்பட்டன. காம்ப்செர்ட்டின் நிறுவப்பட்ட நடுப்பகுதியில், மற்றவற்றில் மலிந்திருந்த வகைப் பிழைகள் கிடைக்கவே இல்லை. ஆனால் நிறுவல் தொடாத முகப்பில் பிழைகள் இருந்தன. அதைவிடச் சுவையான ஒன்றும் அகப்பட்டது: பவர்பிசி கட்டளை ஒன்றில் வரும் எண் 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனை, அந்த இயந்திரத்துக்கு எழுதிய வரையறையில் இடம்பெறவில்லை. நிறுவல் பிழையற்றது; அது நம்பிய இயந்திரம் உண்மை இயந்திரத்தைவிடத் தாராளமானது. ஜாவாவில் கண்ட அதே இடைவெளிதான் இதுவும்.

ஆய்வரங்கு பிழைகளைப் பிடிக்கும் என்பதற்கே எதிரான சான்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற விளாடிமிர் வோவோட்ஸ்கி 1990களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கட்டுரையைப் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் ஆய்வரங்குகளில் படித்தன. முக்கியமான துணைத்தேற்றம் ஒன்றின் நிறுவல் தவறு என்பது எந்தக் குழுவுக்கும் தெரியவில்லை. 1999-2000இல் பிரின்ஸ்டனில் அவர் அதை விரிவுரையாக நிகழ்த்தியபோது, பியர் டெலிங் ஒவ்வொரு படியையும் சரிபார்த்துக் குறிப்பெடுத்தார். அப்போதுதான் தவறு வெளிப்பட்டது. இந்த அனுபவமும் சேர்ந்தே வோவோட்ஸ்கியைக் கணினிச் சரிபார்ப்பின் பக்கம் தள்ளியது. எனவே நீண்ட நிறுவலின் நாற்பதாம் படியில் உள்ள ஓட்டையைக் கூட்டம் கண்டுபிடிக்கும் என்று நம்புவது வீண். அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். ஆனால் அதே வோவோட்ஸ்கி அடுத்துச் செய்ததைப் பாருங்கள். ஸ்டீவ் அவோடி, தியெரி கோக்கண்ட் ஆகியோருடன் 2012-13இல் பிரின்ஸ்டனின் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு முழுவதும் ஓர் ஆய்வரங்கைக் கூட்டினார். இரண்டு பொருள்கள் சமம் என்றால் என்ன என்பது அங்கே பேசப்பட்ட மையக் கேள்வி. ஏறத்தாழ இரண்டு டஜன் பேர் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் எழுதிய 600 பக்கப் புத்தகம் அதன் விளைவு. கணினிச் சரிபார்ப்பில் யாரையும்விடத் தீவிர நம்பிக்கை கொண்டவருக்கே வரையறைகளை முடிவுசெய்ய ஓராண்டுக் கூட்டம் தேவைப்பட்டது.

எனக்கு எளிதில் பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்த அரங்குகளின் கதவுகள் மூடியிருக்கின்றன. ஜெர்மனியில் 1990இல் தொடங்கிய டாக்ஸ்டூல் ஆய்வரங்குகளுக்கு அழைப்பு வந்தால்தான் போக முடியும். உள்ளே ஏற்பாடுகள் அருமை. உணவு மேசையில் யார் யாருக்குப் பக்கத்தில் என்பதைக்கூடக் குலுக்கிப்போட்டு, மாணவரைப் பேராசிரியரின் பக்கத்தில் அமர்த்துகிறார்கள். ஆனால் குலுக்கல் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே. கண்டினியுவேஷனைத் தனியே கண்டவர்கள் பட்டியலில் கமால் அப்தாலியும் இருக்கிறார். பாடப் புத்தகங்களில் அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாற்று வழி, அரங்குகளைப் பெருக்குவது. இந்தியாவில் 1981 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் எஃப்எஸ்டிடிசிஎஸ் மாநாடு அப்படிப்பட்ட முயற்சி. நெடுங்காலம் சென்னையில் பணியாற்றிய பி. எஸ். தியாகராஜனும் ஆர்ஹுஸின் மோகன்ஸ் நீல்சனும் உடனிகழ்வுக் கோட்பாட்டைப் பற்றி 1984இல் அங்கே கட்டுரை அளித்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மாநாடுகள் இணையத்துக்குப் போனதால் விசாவும் விமானக் கட்டணமும் இல்லாமல் கேட்க முடிந்தது. கேட்பது வேறு, குறுக்கிடுவது வேறு என்பதும் அப்போது தெரிந்தது. திரையில் ஓடும் உரையை இடைமறித்து ‘இந்த விதி எனக்குப் புரியவில்லை’ என்று சொல்பவர் குறைவு; ஆய்வரங்கின் உயிரோ அந்த இடைமறிப்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்த ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.

தொழில்துறைக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாளில் எழுதினார். எந்த ஆய்வரங்கும் கூடவில்லை. உலகின் வலைத்தளங்கள் அதில் ஓடுகின்றன. உண்மைதான். மொழியைப் பிறப்பிக்கக் கணிதம் தேவையில்லை. பிறந்த மொழியின் பழுதுகளுக்கு யார் எவ்வளவு காலம் விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் கணக்கு மாறுகிறது. வெற்று மதிப்பை 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்த டோனி ஹோர், எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாக 2009இல் ஒப்புக்கொண்டு, அதைத் தனது நூறு கோடி டாலர் தவறு என்றார். ஜாவாவின் 2016 ஓட்டை அதன் பேரப்பிள்ளை. மறுபக்கம், ரஸ்ட் மொழி நினைவகப் பாதுகாப்பைப் பற்றி உறுதி கூறியபோது, ஜெர்மனியின் சார்புரூக்கனில் டெரெக் டிரையரின் குழு அந்த உறுதிமொழியைக் கணித வடிவில் எழுதி 2018இல் நிறுவியது. அதற்குப் பயன்பட்ட தர்க்கம் ஓஹெர்னும் புரூக்ஸும் திருத்திய தர்க்கத்தின் வழித்தோன்றல். ரஸ்டின் தரநூலகத்தில், இழைகளுக்கிடையே பகிரக் கூடாத ஒன்றைப் பகிர அனுமதித்த பிழையும் அந்த வேலையில் அகப்பட்டுத் திருத்தப்பட்டது. ரேனால்ட்ஸின் எதிர்க்காட்டுக்கும் ரஸ்டைப் பற்றிய 2018 நிறுவலுக்கும் இடையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு தூரம். தொழில்துறையின் காலாண்டுக் கணக்கில் அது தெரியாமல் போவதில் வியப்பில்லை.

அந்தத் தூரம் குறைந்துவருகிறது. உலாவிகளுக்குள் ஓடும் வெப்அசெம்ப்ளி, பெருநிறுவனங்கள் கூடிச் செய்த மொழி. அதன் பொருள் முழுவதும் பிளாட்கின் வழிவந்த விதிகளில் எழுதப்பட்டு 2017இல் வெளியானது. மறு ஆண்டே கேம்பிரிட்ஜின் கான்ராட் வாட் அந்த விதிகளை ஒரு நிறுவல் மென்பொருளில் ஏற்றியபோது பிழைகள் தென்பட்டன. அதிகாரபூர்வ வரையறை திருத்தப்பட்டது. 2025இல் அந்த மொழியைப் பராமரிக்கும் சமூகக் குழு ஸ்பெக்டெக் என்ற கருவியை ஏற்றுக்கொண்டது. வரையறையை ஒருமுறை அதில் எழுதினால், தர ஆவணத்தின் உரைநடையையும் கணித விதிகளையும் அது தானே உருவாக்கித் தரும். அதில் எந்த விதியை எழுதுவது என்பதை முடிவுசெய்யக் குழு இன்னமும் கூட்டம் போட்டுத்தான் பேசுகிறது.